செட்டைக் கழற்றுமுன்

காரில் பாட்டு நின்றுபோனால் "செட் போயிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். டாஷ்போர்டில் கண்ணுக்குத் தெரிவது செட் மட்டும்தான்; அதனால் பழியும் அதன் தலையில் விழுகிறது. பின்னால் ஓடும் ஒயர்கள், கூரைமேல் நிற்கும் ஏரியல், கதவுக்குள் இருக்கும் ஸ்பீக்கர், பாடியில் முறுக்கிய எர்த் போல்ட் எதுவும் யார் கண்ணிலும் படுவதில்லை. பட்டறையில் பார்த்ததையும் மூத்தவர்களிடம் கேட்டதையும் அவ்வப்போது எழுதிவைத்தவை இந்தக் குறிப்புகள். வரிசை கிடையாது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே: சந்தேகப் பட்டியலில் செட்டின் பெயர் கடைசியில் வரட்டும்.

*

செட்டுக்கு வேண்டியவை நாலு. கரன்ட் வர வேண்டும். வந்த கரன்ட் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். ஏரியலிலிருந்து அலை வர வேண்டும். சத்தம் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர வேண்டும். தடை எந்த வழியில் என்று தெரிந்துகொள்ள முதலில் கருவி வேண்டாம். கண்ணும் காதும் போதும்.

டிஸ்ப்ளே எரியவே இல்லை: கரன்ட் அல்லது எர்த்.

டிஸ்ப்ளே எரிகிறது, புளூடூத் பாடுகிறது, யூ.எஸ்.பி. பாடுகிறது, ரேடியோ மட்டும் இரைகிறது: ஏரியல் பக்கம்.

டிஸ்ப்ளே எரிகிறது, எதைப் போட்டாலும் சத்தமே இல்லை: ஸ்பீக்கர் பக்கம். அதற்கும் முன்னால் மியூட் பொத்தானைப் பாருங்கள்.

ரேடியோ நன்றாகப் பாடுகிறது, சி.டி. மட்டும் ஓடவில்லை: இதில்தான் செட்டின் மேல் சந்தேகம் நியாயமானது. அப்போதும் லென்ஸில் தூசியா என்று பார்த்துவிட்டுத்தான்.

இந்த நாலு கேள்விக்குப் பதில் கிடைத்தால் தேட வேண்டிய இடம் பெருமளவு குறைந்துவிடும். ஆனால் பலர் இதைக் கேட்காமலேயே ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுகிறார்கள்.

*

ஃபியூஸ் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. காரின் ஃபியூஸ் பாக்ஸில் ஒன்று இருக்கும். பல செட்டுகளின் முதுகில் இன்னொன்று செருகியிருக்கும், பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். பிளேடு ஃபியூஸின் நிறமே அளவைச் சொல்லும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

கண்ணால் பார்த்து "ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை நம்ப வேண்டாம். கம்பி முழுசாகத் தெரியும். ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கும். ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரிகின்றன அல்லவா, அவை இதற்காகவே வைத்தவை. சாவி ஆனில் இருக்கும்போது டெஸ்ட் லேம்பை இரண்டு புள்ளியிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நலம். ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. கழற்றத் தேவையில்லை.

ரேடியோவோடு சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் செத்திருந்தால் மகிழ்ச்சியடையலாம். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே லைன். இரண்டு பொருள் ஒரே நாளில் தனித்தனியாகக் கெடுவது அபூர்வம். பொதுவான ஃபியூஸோ சாவி சுவிட்சோதான் காரணமாக இருக்கும்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 10 போன இடத்தில் 20 போடக் கூடாது. ஃபியூஸ் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் அந்தக் காரணம் ஒயரை எரிக்கும்.

*

"அண்ணே, வால்யூம் ஏத்தினா செட் ஆஃப் ஆயிடுது. கம்மியா வச்சா நல்லா பாடுது. புதுசு ஒண்ணு மாட்டிடலாமா?"

"இரு தம்பி. மொதல்ல எர்த்த பாத்துருவோம்."

இந்தப் பேச்சு எந்தப் பட்டறையிலும் கேட்கும். அண்ணன் சொல்வதில் கணக்கு இருக்கிறது. எர்த் போல்ட்டில் துரு ஏறி, அரை ஓம் தடை வந்திருக்கிறது என்று வையுங்கள். செட் சும்மா இருக்கும்போது அது இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு. அரை ஓமில் இழப்பு தெரியவே தெரியாது. மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அழகாகக் காட்டும். வால்யூமை ஏற்றியதும் 8 ஆம்பியர் இழுத்தால், அரை ஓமில் 4 வோல்ட் போய்விடும். செட்டுக்கு மிஞ்சுவது 8.6. அது மூச்சுத் திணறி அணைந்துவிடும். அடைத்த குழாயும் இப்படித்தான்: மூடியிருக்கும்போது அழுத்தம் குறையாது, திறந்தால் நூலாக ஒழுகும்.

அதனால் சும்மா இருக்கும் லைனில் மீட்டர் வைத்துப் பார்ப்பது பாதி வேலை. செட் பாடிக்கொண்டிருக்கும்போது, சத்தமாகப் பாடும்போது, அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இன்னொரு முனையை செட்டின் கறுப்பு ஒயரில் வையுங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அதற்கு மேல் போனால் வழியில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது.

மீட்டர் இல்லையென்றால், பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை நேராக இழுத்து செட்டின் எர்த்தில் கொடுத்துப் பாருங்கள். உடனே பாடினால் பழுது கிடைத்துவிட்டது. போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முறுக்கினால் போதும். செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

*

டெஸ்ட் லேம்ப் மட்டமான கருவி என்று புதுப் பையன்கள் நினைக்கிறார்கள். டிஜிட்டல் மீட்டர் கரன்ட்டை இழுப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகத்தான் இழுக்கும். அதனால் நூலளவு தொட்டுக்கொண்டிருக்கும் ஒயரிலும் 12 வோல்ட் காட்டும். லேம்ப் கரன்ட்டை இழுத்துத்தான் எரிய வேண்டும். ஒயரில் சக்தி இல்லாவிட்டால் மங்கலாகிவிடும். இரண்டும் கையில் இருக்கட்டும். ஆனால் ஏர்பேக் ஒயரிலும் இன்ஜின் கம்ப்யூட்டர் ஒயரிலும் லேம்ப்பைக் கொண்டுபோகவே கூடாது. ஏர்பேக் கப்ளர்கள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

*

கடையில் வாங்கும் செட்டுகளில் ஒயர் நிறம் பெரும்பாலும் ஒரே மாதிரி. மஞ்சள் எப்போதும் கரன்ட் இருக்கும் லைன். நேரத்தையும் ஸ்டேஷன்களையும் நினைவில் வைப்பது அதுதான். சிவப்பு சாவி போட்டால் வரும் லைன். கறுப்பு எர்த். நீலம் ஏரியலுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது தனி ஆம்ப்ளிஃபயருக்கு. வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு இருந்தால் அது நெகட்டிவ்.

கம்பெனியிலிருந்து காரோடு வரும் ஒயரிங் இந்த நிறத்தைப் பின்பற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே நிறத்தை நம்பக் கூடாது. அளந்து பார்க்க வேண்டும்.

*

ஒவ்வொரு முறை வண்டியை அணைத்ததும் ஸ்டேஷன்கள் மறந்துபோகின்றன, கடிகாரம் பன்னிரண்டுக்குத் திரும்புகிறது. "மெமரி ஐ.சி. போச்சு" என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் மஞ்சளையும் சிவப்பையும் பாருங்கள். இரண்டும் இடம் மாறியிருந்தால் இதுதான் நடக்கும். ஐரோப்பியக் கார்களில் வரும் ஐ.எஸ்.ஓ. கப்ளரில் ஏ4 நிரந்தர லைன், ஏ7 சாவி லைன் என்பது விதி. சில கார்களில் இரண்டும் மாறி வருகின்றன. அதனாலேயே பல அடாப்டர்களில் மஞ்சளையும் சிவப்பையும் கழற்றி மாற்றிச் செருகும்படி வைத்திருக்கிறார்கள்.

தலைகீழ் பழுதும் உண்டு. சாவி லைன் கிடைக்கவில்லை என்று சோம்பேறித்தனமாக சிவப்பையும் மஞ்சளோடு சேர்த்து முறுக்கிவிடுவது. செட் பாடும், ஆனால் சாவியை எடுத்தாலும் அணையாது. ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடிக்கும். "புது பேட்டரி போட்டும் நிக்கலையே" என்று வருபவர்களிடம், கடைசியாக என்ன மாட்டினீர்கள் என்று கேட்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி இடையில் அம்மீட்டரை வைத்து, கதவுகளைச் சாத்தி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் ஓடினால் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தால் இறங்குகிறதோ அங்கே இருக்கிறது கசிவு.

*

ஸ்டார்ட் அடிக்கும்போது செட் ஒரு கணம் அணைந்து எரிவது பழுது இல்லை. சாவி ஸ்டார்ட் நிலைக்குப் போகும்போது சிவப்புச் சாவி லைன் தானாகவே வெட்டப்படுகிறது, முழுச் சக்தியும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று. ஆனால் ஸ்டார்ட் அடித்ததும் கடிகாரமே அழிந்தால் அது வேறு. மஞ்சள் லைனில் லூஸ் கான்டாக்ட், அல்லது பேட்டரியே தளர்ந்துவிட்டது.

*

பேட்டரி மாற்றிய மறுநாள் செட் 'கோட்' கேட்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. கரன்ட் அறுந்து திரும்ப வந்ததும் கேட்கிறது. எண் பெரும்பாலும் கார் கையேட்டோடு வந்த அட்டையில் இருக்கும். இல்லையென்றால் செட்டின் சீரியல் எண்ணோடு காரின் ஆர்.சி.யைக் கொண்டுபோய் டீலரிடம் கேட்கலாம். ஊகித்து அழுத்திக்கொண்டே இருந்தால் செட் பூட்டிக்கொள்ளும்; பிறகு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நல்ல செட்டுகள் இந்த ஒரே காரணத்துக்காகக் கழற்றி வீசப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்; மனசு கேட்கவில்லை.

*

ஏரியல். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். பழைய கார்களின் நீண்ட கம்பி ஏரியலின் உயரத்துக்குக் காரணம் இதுதான். இப்போது கூரையில் வரும் குட்டைக் கம்பிக்குள் ஒயர் சுருளாகச் சுற்றியிருக்கும். அதோடு அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் பல கார்களில் உண்டு.

எளிய சோதனை: செட்டின் பின்னால் ஏரியல் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையின் நடுவில் 75 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றைச் செருகி ஜன்னல் வழியே வெளியே விடுங்கள். ஸ்டேஷன்கள் வந்துவிட்டால் செட் நலம். குற்றவாளி கூரையிலோ வழியிலோ இருக்கிறான்.

கூரையில் முதலில் பார்க்க வேண்டியது கம்பி அங்கே இருக்கிறதா என்பதை. வாட்டர் சர்வீஸுக்கு விடும்போதும் கவர் போடும்போதும் திருகிக் கழற்றி எடுத்து, திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். அல்லது பாதித் திருகோடு விடுவார்கள். அடுத்து கம்பி உட்காரும் அடித்தளம். கடலோர ஊர்களில் அங்கே உப்புக்காற்று பச்சைப் பாசி போலப் படிந்திருக்கும். அடித்தள ரப்பர் வெடித்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி கூரைத் துணியையும் நனைக்கும்.

மீட்டர் இருந்தால்: பிளக்கின் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே இணைப்பு இருக்கக் கூடாது. வெளி வளையத்துக்கும் கார் பாடிக்கும் இடையே இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் உள்ள ஏரியலில் முதல் அளவு பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது 12 வோல்ட் வருகிறதா என்பது.

இதில்தான் புதுச் செட் மாட்டியவர்கள் ஏமாறுகிறார்கள். "பழசுல எஃப்.எம். கிளீயரா வந்துச்சு; இவ்வளவு விலை கொடுத்து வாங்கின டச் ஸ்கிரீன்ல ஒரே இரைச்சல்." அந்த நீல ஒயரைப் பாருங்கள். பெரும்பாலும் டேப் சுற்றி ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஏரியல் ஆம்ப்ளிஃபயருக்குக் கரன்ட் கொடுக்க வேண்டியது அதுதான். இணைத்தால் ஸ்டேஷன்கள் திரும்பிவிடும்.

*

எல்லா இரைச்சலும் பழுது இல்லை. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும். மலையையும் பெரிய கட்டடத்தையும் வளைந்து கடக்காது. மேம்பாலத்துக்கு அடியில் சிக்னலுக்காக நிற்கும்போது பாட்டு கரகரத்து, வண்டி இரண்டடி நகர்ந்ததும் தெளிந்தால், நேராக வரும் அலையும் எதிரொலித்து வரும் அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று பொருள். கொடைக்கானல் எஃப்.எம். 100.5 மலைமேல் நிற்பதால்தான் சமவெளியில் அவ்வளவு தூரம் எட்டுகிறது. அதே மலைப்பாதையில் ஏறும்போது ஒரு வளைவில் வந்து மறு வளைவில் மறைந்தும் போகிறது. பக்கத்தில் நிற்கும் வேறொரு காரிலும் அதே இடத்தில் இரைகிறதா என்று கேட்பதுதான் முதல் சோதனை.

*

உறவினர் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த செட். சென்னையில் மாட்டினால் 91.1 வருகிறது, 93.5 வருகிறது, 98.3 வருகிறது. 101.4 ரெயின்போவும் 106.4 ஹலோவும் மட்டும் உடைந்து கேட்கின்றன. ஏரியலை மாற்றியாயிற்று; பலனில்லை.

எண்களைக் கவனியுங்கள். அமெரிக்காவில் எஃப்.எம். ஸ்டேஷன்கள் எல்லாம் ஒற்றைப் படையில் முடியும்: 88.1, 88.3, 88.5. அந்த ஊர் செட் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாண்டித் தாண்டித்தான் போகும். 101.3இல் நிற்கும், 101.5இல் நிற்கும்; 101.4இல் கால் வைக்காது. ஏ.எம்.மிலும் இதே கதை. நமக்கு 9 கிலோஹெர்ட்ஸ் படி, அவர்களுக்கு 10. சென்னை வானொலி 'ஏ' நிலையத்தின் 720, ஒன்பதாலும் பத்தாலும் வகுபடும். அதனால் தெளிவாக வரும். 'பி' நிலையத்தின் 1017 ஒன்பதால் மட்டுமே வகுபடும். அமெரிக்க செட் 1010க்கும் 1020க்கும் நடுவில் அதைத் தவறவிட்டுவிடும்.

பல செட்டுகளில் நாட்டை மாற்றும் அமைப்பு மெனுவுக்குள்ளோ அடியில் ஒரு சின்ன சுவிட்சாகவோ இருக்கிறது. மாற்றினால் முடிந்தது. எந்த ஸ்டேஷன் வருகிறது, எது வரவில்லை என்று எண்ணோடு எழுதிவைத்தால் பழுது தானே தன்னைச் சொல்லிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

*

இலங்கையில் இதன் இன்னொரு வடிவம். ஜப்பானிலிருந்து இறங்கும் பாவித்த கார்களின் ரேடியோ, ஜப்பானின் அலைவரிசைக்காகச் செய்தது. பழைய செட்டுகள் 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இலங்கை ஒலிபரப்பு 88இலிருந்து 108 வரை. இரண்டும் தொடும் சின்ன இடத்துக்கு வெளியே உள்ள ஸ்டேஷன்கள் எதுவும் கேட்காது. செட் நல்ல செட். பிறந்த நாடு வேறு. ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவே பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை வைத்தால், மேலே உள்ள அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். திரையில் காட்டும் எண் மாறியிருக்கும், பாட்டு வரும். ஒலியின் தரம் கொஞ்சம் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

இரைச்சலோடு போராடுவது கார் ரேடியோ பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1930இல் பால் கால்வினின் கம்பெனி அமெரிக்காவில் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்க வந்தபோது, ரேடியோவைக் காருக்குள் வைப்பதைவிட இன்ஜின் ஸ்பார்க்கின் இரைச்சலை அடக்குவதே பெரும் பாடாக இருந்தது. அந்த ரேடியோவுக்காக உழைத்த எல்மர் வேவரிங் பிற்காலத்தில் கார் ஆல்டர்னேட்டர் உருவானதிலும் பெரும் பங்கு கொண்டவர். ரேடியோவும் ஆல்டர்னேட்டரும் ஒரே மனிதரின் கையில் வளர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் "ஙொய்ய்" சத்தம்: ஆல்டர்னேட்டர். இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறையும் "டக்டக்டக்": ஸ்பார்க் பிளக் ஒயர். இன்ஜின் அணைந்திருக்கும்போதும் இருக்கும் சீரான சீறல்: வேறு ஏதோ மின்பொருள்.

ஆல்டர்னேட்டர் சத்தம் எந்த வழியாக நுழைகிறது என்று பார்க்க, ஏரியல் பிளக்கை உருவுங்கள். சத்தம் போய்விட்டால் ஏரியல் வழியாக வருகிறது. ஏரியலின் எர்த்தைச் சரிசெய்யுங்கள். போகவில்லையென்றால் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் கேட்டால் கரன்ட் லைன் வழியாகவோ ஆம்ப்ளிஃபயர் பக்கமிருந்தோ வருகிறது. போனை சார்ஜில் போட்டு ஆக்ஸ் ஒயரிலும் இணைத்தால் மட்டும் கேட்டால், இரண்டு எர்த்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சார்ஜர் ஒயரை உருவினால் நின்றுவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை ஏ.சி. அளவில் வைத்து அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு மேல் சந்தேகப்படலாம்.

*

இன்றைக்கு எஃப்.எம். கெடுவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிய மலிவான யூ.எஸ்.பி. சார்ஜர். அடுத்தது டேஷ்கேம். அதற்கடுத்தது வெளியில் வாங்கி மாட்டிய எல்.இ.டி. ஹெட்லைட். மூன்றுக்குள்ளும் 12 வோல்ட்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட் வேகமாக ஆன், ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கிறது. தடுப்பு சரியாக இல்லாவிட்டால் அதுவே ஒரு சின்ன இரைச்சல் நிலையமாகிவிடும்.

சோதனை: இன்ஜினை அணைத்து, சாவியைத் துணை நிலையில் வைத்து, கொஞ்சம் பலவீனமாக வரும் ஸ்டேஷன் ஒன்றை வையுங்கள். எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். பிறகு ஒன்று ஒன்றாகச் செருகுங்கள், போடுங்கள்: சார்ஜர், கேமரா, ஹெட்லைட், புளோயர், வைப்பர். எதில் ஸ்டேஷன் தடுமாறுகிறதோ அதுதான்.

*

ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமை. முதலில் பேலன்ஸும் ஃபேடரும் நடுவில் இருக்கின்றனவா பாருங்கள்; பிள்ளைகள் விரல் பட்டு நகர்ந்திருக்கும். அடுத்து செட்டின் பின்னால் இடது ஸ்பீக்கர் ஒயரையும் வலது ஸ்பீக்கர் ஒயரையும் மாற்றிக் கொடுங்கள். ஊமை பக்கம் மாறினால் செட்டின் அந்தச் சேனல் போயிருக்கிறது. மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் ஸ்பீக்கரோ ஒயரோ.

ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு டார்ச் செல் போதும். செட்டிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் 1.5 வோல்ட் செல்லைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். "டப்" என்று கேட்டால் ஒயரும் ஸ்பீக்கரும் சேர்ந்தே நலம். மீட்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றேகாலிலிருந்து நாலுக்குள் காட்டும்.

கதவைத் திறந்தால் பாடுகிறது, மூடினால் நிற்கிறது என்றால் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த ஒயர் அது.

நாலு ஸ்பீக்கரும் ஒன்றாக நின்றால் நாலும் கெட்டிருக்காது. எங்கோ ஒரு ஸ்பீக்கர் ஒயர் பாடியில் படுகிறது. செட் தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிக்கொள்கிறது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களுமே உயிருள்ளவை. நெகட்டிவ் என்று எழுதியிருந்தாலும் எர்த்தோடு சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினால் மற்றவை பாடுகின்றனவோ அந்த ஒயரில் தோல் உரிந்திருக்கிறது.

*

அட்டைப்பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பதைப் பார்த்து, சத்தம் போதவில்லை என்று செட் மாற்றுபவர்களுக்கு ஒரு கணக்கு. 14.4 வோல்ட்டில் ஓடும் செட், 4 ஓம் ஸ்பீக்கருக்குத் திரிபில்லாமல் கொடுக்கக்கூடிய சக்தி ஏட்டுக் கணக்கில் 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் இன்னும் குறைவு. இது பெரும்பாலான செட்டுகளுக்குப் பொது. காகிதம் கிழிந்த ஸ்பீக்கரை மாற்றினால் கிடைக்கும் வித்தியாசம், செட்டை மாற்றினால் கிடைப்பதைவிடப் பெரிது. ஒரு ஸ்பீக்கரில் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருந்தால் பாஸ் காணாமல் போகும்; அதற்குச் செலவே இல்லை.

*

எலி. இரண்டு வாரம் நிறுத்திவைத்த காரில் ரேடியோ மட்டும் போனது என்றால் இன்ஜின் பக்கத்திலும் க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை கிடந்தால் செட்டை மறந்துவிட்டு ஒயரிங்கைப் பிடியுங்கள். கடித்த இடம் ஒன்றோடு நிற்பதில்லை.

தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்களில் பட்டறைகள் கற்ற பாடம்: உலர்ந்ததும் எல்லாம் வேலை செய்யும், மாதங்கள் கழித்து கப்ளர் ஊசிகள் பச்சை பூத்து ஒவ்வொன்றாகக் கைவிடும். மூழ்கிய காரில் செட்டை மாற்றுவதற்கு முன் கப்ளரைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள்.

வெயில். காலையில் பாடி, மதியம் டாஷ்போர்டு காய்ந்ததும் நின்று, சாயங்காலம் திரும்பப் பாடினால், அது செட்டுக்குள் இருக்கும் சால்டரிங் விரிசலாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒயரிங் சோதனைகளைத் தாண்டி வந்த செட் என்றால் நல்ல எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் கொடுங்கள். சூடான இரும்பு ஒரு தடவை பட்டால் பல செட்டுகள் எழுந்துவிடும்.

*

புதுக் கார்களின் பெரிய திரைகள். உறைந்துபோனால் பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல செட்டுகள் தாமே மறுபடி தொடங்கும். சாவி போட்ட செய்தியே தனி ஒயரில் வராமல் காரின் தகவல் லைன் வழியாக வருவதால், சிவப்பு ஒயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று ஒயரிங்கைக் குடையக் கூடாது. ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பொத்தான்கள், சில கார்களில் ஏ.சி. அமைப்புகள்கூட அந்தத் திரையோடு கட்டியவை. மாற்றும் முன் எவையெல்லாம் கூடவே போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

*

கடைசித் தீர்ப்புக்கு ஒரே வழி மேஜை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கிளிப்புகளை வற்புறுத்தாமல் விடுவித்து, செட்டை வெளியே எடுங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்று, நடுவில் ஃபியூஸ் ஒன்று, நல்லது என்று தெரிந்த ஸ்பீக்கர் ஒன்று, ஏரியலுக்கு 75 சென்டிமீட்டர் ஒயர். மஞ்சளும் சிவப்பும் பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. காரின் ஒயரிங் எதுவும் இல்லாமல் செட் தனியாகப் பேசட்டும். இங்கே பாடினால் பழுது காரில் இருக்கிறது. புதுச் செட் வாங்கினாலும் அந்தப் பழுது அப்படியே காத்திருக்கும். இங்கேயும் பாடாவிட்டால் மாற்றுங்கள். இனி அதில் வருத்தம் இல்லை. காரின் தகவல் லைனை நம்பியிருக்கும் கம்பெனித் திரைகளுக்கு மட்டும் இந்த மேஜைத் தீர்ப்பு செல்லாது.

மாற்றும்போது ஒரு வேண்டுகோள். காரின் கப்ளரை வெட்டாதீர்கள். காரின் மாடலைச் சொன்னால் சென்னை ஜி.பி. ரோட்டிலும் மற்ற ஊர்களின் கார் அலங்காரக் கடைகளிலும் அதற்கான அடாப்டர் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. கடைக்காரர் "வெட்டி முறுக்கிடலாம் சார்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த ஒயரை எதோடு இணைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி கார் கையேட்டுக்குள் வையுங்கள். வெட்டிய ஒயரிங்கில் அடுத்த பழுதைத் தேடுகிறவருக்கு நிறமும் துணை வராது, படமும் துணை வராது. ஒவ்வொரு ஒயராகத் தொட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.